நியூயார்க் நகரின் குறுங்கால வாடகை ஒழுங்குமுறை

நியூயார்க் நகரின் குறுங்கால வாடகை ஒழுங்குமுறை என்பது, ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள குடியிருப்பு வீடுகளைத் தொடர்ச்சியாக 30 நாட்களுக்குக் குறைவான காலத்துக்குப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களையும், அவற்றை நடைமுறைப்படுத்தும் ஏற்பாடுகளையும் குறிக்கும். இவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, 2010 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மாநிலப் பலகுடியிருப்புக் கட்டிடச் சட்டம். மற்றொன்று, 2022 ஆம் ஆண்டில் நகர மன்றம் இயற்றிய உள்ளூர்ச் சட்டம் 18 ஆகும்.

குறுங்கால வாடகைக்கான தடை 2011 மே மாதம் முதல் நடைமுறையில் இருந்தபோதிலும், அதன் பின்னர் பன்னிரண்டு ஆண்டுகள் பல்லாயிரம் வீடுகள் ஏர்பிஎன்பி போன்ற இணையத் தளங்களில் வெளிப்படையாகவே விளம்பரப்படுத்தப்பட்டு வந்தன. 2023 செப்டம்பர் 5 ஆம் நாள் உள்ளூர்ச் சட்டம் 18 நடைமுறைப்படுத்தப்பட்டதும் அவற்றுள் பெரும்பாலானவை சில வாரங்களில் மறைந்தன. இவ்விடைப்பட்ட காலத்தில் அடிப்படை விதி ஏறத்தாழ அப்படியே இருந்தது. விதிமீறலைக் கண்டறியும் இடம் மட்டுமே வீட்டு வாசலிலிருந்து முன்பதிவு செய்யும் இடத்துக்கு மாறியது. இக்காரணத்தால் நியூயார்க்கின் வரலாறு, இத்தகைய விதிகளை நகரங்கள் எவ்வாறு நடைமுறைப்படுத்துகின்றன என்பதற்குப் பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது.

சொற்பொருள்

விடுதி அல்லாத ஒரு குடியிருப்பை, அல்லது அதன் ஓர் அறையை, நாட்கணக்கில் பணம் பெற்றுக்கொண்டு பயணிகளுக்குத் தங்கக் கொடுப்பதே குறுங்கால வாடகை எனப்படுகிறது. வாடகைக்கு விடுபவரை இணையத் தளங்கள் விருந்தோம்புநர் என்றும், தங்குபவரை விருந்தினர் என்றும் அழைக்கின்றன. இக்கட்டுரையிலும் அச்சொற்களே பயன்படுத்தப்படுகின்றன. விருந்தோம்புநர் வீட்டின் உரிமையாளராக இருக்கவேண்டும் என்பதில்லை. நியூயார்க்கில் அவர் பெரும்பாலும் தாமே வாடகைக்குக் குடியிருப்பவராக இருப்பதுண்டு.

பின்னணி

நியூயார்க் நகரில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் நெடுங்காலமாகவே குறைவாக உள்ளன. 2023 ஆம் ஆண்டின் வீட்டுவசதி ஆய்வில், வாடகை வீடுகளில் காலியாக இருந்தவை 1.41 விழுக்காடு மட்டுமே எனக் கண்டறியப்பட்டது. இது 1968 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பதிவான மிகக் குறைந்த அளவாகும். சுற்றுலாப் பயணிகளின் வருகையும் விடுதிக் கட்டணமும் மிகுதி. ஒரு வீட்டை ஆண்டு ஒப்பந்தத்தில் குடும்பம் ஒன்றுக்கு விடுவதை விட நாள் வாடகைக்குப் பயணிகளுக்கு விடுவது பல பகுதிகளில் அதிக வருவாய் தந்தது. அவ்வாறு விடப்படும் ஒவ்வொரு முழு வீடும் குடியிருப்போருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதே கட்டுப்பாட்டை ஆதரிப்போரின் அடிப்படை வாதமாகும்.

இச்சிக்கல் இணையத் தளங்களுக்கு முற்பட்டது. ஏர்பிஎன்பி நிறுவனம் 2008 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னரே நியூயார்க்கில் சில கட்டிட உரிமையாளர்கள் குடியிருப்பு அடுக்ககங்களைச் சட்டத்துக்குப் புறம்பான விடுதிகளாக நடத்தி வந்தனர். பலகுடியிருப்புக் கட்டிடச் சட்டம் 1929 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் இருந்த சொற்கள் தெளிவற்றவை என்றும், குறுங்காலத் தங்கலை அவை முற்றாகத் தடை செய்யவில்லை என்றும் 2009 ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கருதியது. இத்தீர்ப்பின் விளைவாகச் சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவை எழுந்தது.

2010 ஆம் ஆண்டுத் திருத்தம்

மாநில மேலவை உறுப்பினர் லிஸ் குரூகர் முன்னின்று கொண்டுவந்த திருத்தத்தில் ஆளுநர் டேவிட் பேட்டர்சன் 2010 சூலையில் கையொப்பமிட்டார். அது 2011 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகளைக் கொண்ட ஏ வகுப்புக் கட்டிடங்களில் ஒரே நபர் தொடர்ச்சியாக 30 நாட்களோ அதற்கு மேலோ தங்கும் நிரந்தரக் குடியிருப்புக்கு மட்டுமே இடமுண்டு. வீட்டில் நிரந்தரமாக வாழ்பவர் தாமும் அதே வீட்டில் தங்கியிருக்கும்போது, அவருடன் பணம் செலுத்தும் விருந்தினர் சிலர் தங்குவது இதற்கு விலக்காகும்.

இவ்வேறுபாட்டுக்குத் தீப்பாதுகாப்பும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. விடுதிகளுக்குத் தானியங்கு நீர்த் தெளிப்பான், தீ எச்சரிக்கை அமைப்பு, வெளியேறும் வழிகள் முதலியவற்றில் கடுமையான விதிகள் உள்ளன. குடியிருப்புக் கட்டிடங்களில் வாழ்வோர் படிக்கட்டுகளையும் அவசர வழிகளையும் அறிந்திருப்பர் என்ற எண்ணத்தில் விதிகள் தளர்வாக உள்ளன. ஓரிரவு தங்கவரும் பயணிக்கு அவ்வறிவு இராது. வீட்டில் வாழ்பவர் உடனிருப்பாராயின் அவர் வழிகாட்ட இயலும்.

நடைமுறைப்படுத்தலின் படிநிலைகள்

புகாரும் நேரடிச் சோதனையும்

சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு நகர முதல்வரின் சிறப்பு நடைமுறைப்படுத்தல் அலுவலகத்திடம் உள்ளது. 2006 ஆம் ஆண்டில் இப்பெயரில் அமைக்கப்பட்ட இவ்வலுவலகத்தின் ஆய்வுக் குழுக்களில் கட்டிடத் துறை, தீயணைப்புத் துறை போன்றவற்றின் அலுவலர்கள் இடம்பெறுவர். அண்டை வீட்டார் 311 என்ற நகரத் தொலைபேசி எண்ணில் அளிக்கும் புகார்களின் அடிப்படையில் ஆய்வாளர்கள் கட்டிடத்துக்குச் செல்வர். விதிமீறல் காணப்பட்டால் அழைப்பாணை வழங்கப்படும். நகரின் நிருவாகத் தீர்ப்பாயம் அதனை விசாரித்துத் தண்டம் விதிக்கும். 2012 ஆம் ஆண்டில் நகர மன்றம் இத்தண்டங்களை உயர்த்தியது.

இம்முறையில் மூன்று குறைகள் இருந்தன.

* ஆய்வாளர் ஒரு வீட்டினுள் நுழைய வேண்டுமாயின் உள்ளிருப்பவரின் இசைவோ நீதிமன்ற ஆணையோ வேண்டும். கதவு திறக்கப்படாவிட்டால் சான்று கிடைக்காது. திறப்பவர் பெரும்பாலும் விதிகளை அறியாத பயணியே ஆவார்.
* இணையத் தளங்கள் ஒரு வீட்டின் அண்ணளவான இருப்பிடத்தை மட்டுமே பொதுவில் காட்டின. சரியான முகவரி பணம் செலுத்திய விருந்தினருக்கே தெரிவிக்கப்பட்டது. விருந்தோம்புநரின் முழுப்பெயரும் காட்டப்படுவதில்லை. ஆகவே விளம்பரத்தைக் கண்டும் வீட்டைக் கண்டுபிடிக்க இயலாத நிலை இருந்தது.
* அழைப்பாணை பெரும்பாலும் கட்டிட உரிமையாளரின் பெயரிலேயே வழங்கப்பட்டது. வாடகைக்குக் குடியிருப்பவர் செய்த செயலுக்கு, அதை அறியாத உரிமையாளர் தண்டம் செலுத்த நேர்ந்தது.

உடனிருத்தல் என்ற விலக்கின் எல்லையும் தொடக்கத்தில் தெளிவாக இருக்கவில்லை. 2012 ஆம் ஆண்டில் மன்ஹாட்டனின் கிழக்குக் கிராமப் பகுதியில், வாடகைக்குக் குடியிருந்த ஒருவர் தாம் வெளியூரில் இருந்த மூன்று இரவுகளுக்குத் தம் அறையை ஒரு பயணிக்கு விட்டார். 2013 ஆம் ஆண்டில் இதற்காக 2,400 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவருடன் அதே வீட்டில் வாழ்ந்தவர் அந்நாட்களில் அங்கு இருந்தார் என்பதால், அதே ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டில் அத்தண்டம் நீக்கப்பட்டது.

2014 ஆம் ஆண்டு அறிக்கை

மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த எரிக் சினைடர்மன், நகரின் விருந்தோம்புநர் பற்றிய தரவுகளைக் கோரி 2013 ஆம் ஆண்டில் ஏர்பிஎன்பி நிறுவனத்துக்கு ஆணை அனுப்பினார். அது அளவுக்கு மிஞ்சிப் பரந்தது எனக் கூறி 2014 மே மாதத்தில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பெயர்களும் முகவரிகளும் மறைக்கப்பட்ட தரவுகளை நிறுவனம் வழங்கியது. அவற்றின் அடிப்படையில் 2014 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியானது.

2010 சனவரி முதல் 2014 சூன் தொடக்கம் வரையிலான முன்பதிவுகளை ஆராய்ந்த அவ்வறிக்கை, வாடகைக்கு விடப்பட்ட இடங்களில் 72 விழுக்காடு சட்டத்தை மீறியவையாகத் தோன்றுகின்றன என்று குறிப்பிட்டது. மேலும், விருந்தோம்புநருள் 6 விழுக்காட்டினர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களை நடத்தினர் என்றும், மொத்த வருவாயில் 37 விழுக்காட்டை அவர்களே பெற்றனர் என்றும் கூறியது. அவர்களுள் ஒருவர் 272 இடங்களை நடத்தியிருந்தார். தம் வீட்டின் ஓர் அறையை அவ்வப்போது வாடகைக்கு விடும் எளிய குடும்பத்தாரும், பல வீடுகளைக் கொண்டு வணிகம் நடத்துவோரும் ஒரே தளத்தில் ஒரே பெயரில் அழைக்கப்படுவதை இவ்வறிக்கை வெளிக்கொணர்ந்தது. அதன் பின்னர் வந்த விவாதங்கள் பெரும்பாலும் இவ்விரு சாராரையும் பிரித்தறியும் வழியைப் பற்றியனவாகவே அமைந்தன.

விளம்பரத் தடை

சட்டத்துக்குப் புறம்பான குறுங்கால வாடகையை விளம்பரப்படுத்துவதையே குற்றமாக்கும் மாநிலச் சட்டத்தில் ஆளுநர் ஆன்ட்ரூ குவோமோ 2016 அக்டோபரில் கையொப்பமிட்டார். முதல் முறை 1,000 டாலர், இரண்டாம் முறை 5,000 டாலர், அதன் பின்னர் 7,500 டாலர் வரை தண்டம் விதிக்க இச்சட்டம் வழிசெய்தது. இதன் பின்னர் வீட்டினுள் நுழையாமல், விளம்பரத்தையே சான்றாகக் கொள்ள முடிந்தது. ஏர்பிஎன்பி உடனடியாக வழக்குத் தொடுத்தது. 2016 டிசம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இத்தண்டங்களை விருந்தோம்புநர் மீது மட்டுமே விதிப்பதாகவும், நிறுவனத்தின் மீது விதிப்பதில்லை எனவும் நகரம் ஒப்புக்கொண்டது. முகவரியைக் கண்டறியும் சுமை மீண்டும் நகரத்தின் மீதே விழுந்தது.

தரவு கோரும் சட்டம்

2018 ஆகஸ்டில் நகர முதல்வர் பில் டி பிளாசியோ கையொப்பமிட்ட உள்ளூர்ச் சட்டம் 146, முன்பதிவுத் தளங்கள் தம் விருந்தோம்புநரின் பெயர், முகவரி, வருவாய் முதலிய தரவுகளை மாதந்தோறும் நகரத்திடம் அளிக்க வேண்டும் என விதித்தது. ஏர்பிஎன்பியும் ஹோம்அவே நிறுவனமும் இதனை எதிர்த்தன. காரணம் இன்றி ஆவணங்களைக் கைப்பற்றுவதைத் தடுக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு இச்சட்டம் முரணாகக்கூடும் எனக் கூறி, கூட்டாட்சி நீதிபதி பால் எங்கல்மயர் 2019 சனவரி 3 ஆம் நாள் இதற்கு இடைக்காலத் தடை விதித்தார்.

2020 சூனில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. சட்டம் திருத்தப்பட்டு, மாதந்தோறும் என்பது காலாண்டுக்கு ஒருமுறை என மாற்றப்பட்டது. முழு வீட்டை விடுவோர், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விருந்தினரை ஏற்போர் ஆகியோரின் தரவுகள் கோரப்பட்டன. இதனால் நகரத்துக்கு முகவரிகள் கிடைத்தன. எனினும் அவை விருந்தினர் வந்து சென்ற பின்னரே கிடைத்தன. ஒவ்வொரு வழக்கும் தனித்தனியே தொடரப்பட வேண்டியிருந்தது.

உள்ளூர்ச் சட்டம் 18

நகர மன்ற உறுப்பினராக இருந்த பென் காலோஸ் முன்மொழிந்த குறுங்கால வாடகைப் பதிவுச் சட்டம், 2022 சனவரி 9 ஆம் நாள் சட்டமாகியது. விடுதித் தொழிலாளர் சங்கமும் வீட்டுவசதி அமைப்புகளும் இதனை ஆதரித்தன.

சட்டத்தின் விதிகள்

* பதிவு செய்பவர் தனி மனிதராக இருத்தல் வேண்டும். நிறுவனங்கள் பதிவு செய்ய இயலாது.
* அவர் அவ்வீட்டில் நிரந்தரமாக வாழ்பவராக இருத்தல் வேண்டும். ஆகவே ஒருவர் ஒரு வீட்டை மட்டுமே பதிவு செய்ய இயலும்.
* விருந்தினர் தங்கும் நாட்களில் அவரும் அவ்வீட்டிலேயே தங்கியிருக்க வேண்டும். இரண்டு விருந்தினருக்கு மேல் ஏற்கக் கூடாது.
* விருந்தினர் வீட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் சென்றுவர இயலவேண்டும். உட்கதவுகளைப் பூட்டி வீட்டைப் பிரித்தல் கூடாது.
* வெளியேறும் வழிகளைக் காட்டும் வரைபடமும் பதிவுச் சான்றிதழும் வீட்டில் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும்.
* வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளையும் நகர வீட்டுவசதி ஆணையத்தின் வீடுகளையும் பதிவு செய்ய இயலாது.

பதிவுக் கட்டணம் 145 டாலர் ஆகும். பதிவு நான்கு ஆண்டுகள் வரை செல்லுபடியாகும். விண்ணப்பிப்பவர் தம் அடையாளத்துக்கும் அவ்வீட்டில் வாழ்வதற்கும் சான்று அளிப்பதுடன், வாடகை ஒப்பந்தம் இதனைத் தடை செய்யவில்லை என்றும் உறுதி கூற வேண்டும். தம் கட்டிடத்தில் குறுங்கால வாடகை அறவே கூடாது எனக் கருதும் உரிமையாளர், அதனைத் தடைசெய்யப்பட்ட கட்டிடங்களின் பட்டியலில் சேர்க்கும்படி அலுவலகத்துக்கு அறிவிக்கலாம். அதன்பின் அக்கட்டிடத்திலிருந்து வரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படுவதில்லை. இவ்வகையில், அறியாத செயலுக்கு உரிமையாளர் தண்டம் செலுத்தும் பழைய சிக்கலுக்கு ஓரளவு தீர்வு கிடைத்தது.

சரிபார்ப்பு நடைபெறும் முறை

இச்சட்டத்தின் மையக் கூறு மின்னணுச் சரிபார்ப்பு ஆகும். அது பின்வரும் வரிசையில் நடைபெறுகிறது.

1. விருந்தோம்புநர் அலுவலகத்திடமிருந்து பெற்ற பதிவு எண்ணை முன்பதிவுத் தளத்தில் அளிப்பார்.
2. தளம் அவ்வெண்ணையும் வீட்டின் விவரங்களையும் நகரத்தின் கணினி அமைப்புக்கு அனுப்பும்.
3. விவரங்கள் பதிவேட்டுடன் பொருந்தினால் நகரத்தின் அமைப்பு உறுதிப்படுத்தும். பொருந்தாவிட்டால் மறுக்கும்.
4. உறுதி கிடைத்த பின்னரே அவ்வீட்டுக்கான கட்டணத்தைத் தளம் பெறலாம்.

பதிவு பெறாத வீட்டுக்கு ஒரு தளம் கட்டணம் பெற்றால், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் அத்தளத்தின் மீது 1,500 டாலர் அளவில் தண்டம் விதிக்கலாம். விருந்தோம்புநருக்கு 5,000 டாலர் வரை தண்டம் உண்டு. விருந்தினருக்குத் தண்டம் இல்லை. ஓர் ஆய்வாளர் கதவைத் தட்டிக் கண்டறிய வேண்டியிருந்த செய்தியை, முன்பதிவுக்கு முன்னரே தளம் கேட்டறிய வேண்டியதாயிற்று. உரிமம் பெற்ற விடுதிகள் ஒரு தனிப் பட்டியலில் உள்ளன. அவற்றுக்குப் பதிவு தேவையில்லை.

தள நிறுவனம் எந்த ஒரு விளம்பரத்தையும் நீக்கவேண்டும் என்று சட்டம் கூறவில்லை. பிறர் எழுதி வெளியிடும் செய்திகளுக்கு இணையத் தளங்கள் பொறுப்பாகா என அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் பணம் பெறுவது செய்தி வெளியிடுவதாகாது. கலிபோர்னியாவின் சான்டா மொனிக்கா நகரம் இயற்றிய இத்தகைய விதியை, இக்காரணத்தின் அடிப்படையில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 மார்ச்சில் ஏற்றுக்கொண்டிருந்தது.

வழக்கும் நடைமுறையும்

2023 சூனில் ஏர்பிஎன்பியும் விருந்தோம்புநர் சிலரும் இச்சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். மன்ஹாட்டனில் உள்ள மாநில நீதிமன்றத்தின் நீதிபதி ஆர்லீன் புளூத் 2023 ஆகஸ்டில் அவ்வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். செப்டம்பர் 5 முதல் சட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. முன்னரே செய்யப்பட்டிருந்த முன்பதிவுகளால் பயணிகள் இடர்ப்படாதிருக்க, டிசம்பர் தொடக்கம் வரை சில விலக்குகள் அளிக்கப்பட்டன.

விளைவுகள்

விளம்பரங்களைக் கணக்கிடும் இன்சைட் ஏர்பிஎன்பி என்ற தன்னார்வத் திட்டத்தின் தரவுகளின்படி, 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் நகரில் 22,000-க்கும் மேற்பட்ட குறுங்கால வாடகை விளம்பரங்கள் ஏர்பிஎன்பி தளத்தில் இருந்தன. செப்டம்பர் தொடக்கத்தில் அவை 7,000-க்கும் குறைந்தன. அதே வேளையில் 30 நாட்களுக்கு மேற்பட்ட தங்கலுக்கான விளம்பரங்கள் பெருமளவு கூடின. மறைந்த வீடுகள் அனைத்தும் குடும்பங்களுக்கான ஆண்டு வாடகைக்குத் திரும்பின என இதனால் கொள்ள இயலாது. அவற்றுள் பல, மாத வாடகைக்கு விடப்படும் தளபாடமிட்ட வீடுகளாக மாறின. வேறு சில, சரிபார்ப்பு இல்லாத பொது விளம்பரத் தளங்களுக்கும் சமூக வலைத்தளங்களுக்கும் இடம்பெயர்ந்தன. அங்கு பணம் நேரடியாகக் கைமாறுவதால் மீண்டும் பழைய புகார் முறையையே நகரம் நம்ப வேண்டியுள்ளது.

2023 ஆகஸ்ட் இறுதியில் பெறப்பட்டிருந்த விண்ணப்பங்கள் 3,829 ஆகும். அவற்றுள் அப்போது வரை 290 மட்டுமே ஏற்கப்பட்டிருந்தன. அலுவலகத்தின் ஆய்வு தாமதமாக இருந்ததும், விண்ணப்பங்கள் திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டதும் இதற்குக் காரணங்களாகும்.

பிற நகரங்களுடன் ஒப்பீடு

ஒரே சிக்கலை வெவ்வேறு நகரங்கள் வெவ்வேறு அளவுகோல் கொண்டு அணுகியுள்ளன. நியூயார்க் விருந்தோம்புநர் உடனிருப்பதை அளவுகோலாகக் கொண்டது. வேறு பல நகரங்கள் ஆண்டுக்கு இத்தனை நாட்கள் என வரம்பிட்டன. நாட்களைக் கணக்கிடுவதற்கும் தளங்களின் தரவே தேவைப்படுவதால், அந்நகரங்களும் காலப்போக்கில் பதிவு எண் முறைக்கு வந்தன.

சான் பிரான்சிஸ்கோ: 2015 பிப்ரவரி முதல் பதிவு பெற்ற நிரந்தரக் குடியிருப்பாளர், தாம் வீட்டில் இல்லாத நாட்களில் ஆண்டுக்கு 90 இரவுகள் வரை வீட்டை விடலாம். தொடக்கத்தில் பலர் பதிவு செய்யவில்லை. தளங்களையும் பொறுப்பாக்கும் விதியை நகரம் 2016 இல் இயற்றியது. வழக்குக்குப் பின் 2017 மே மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. பதிவில்லாத விளம்பரங்கள் நீக்கப்பட்ட 2018 சனவரியில் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

பாரிஸ்: முதன்மை வீட்டை ஆண்டுக்கு 120 நாட்கள் வரை விடலாம் என்பது விதியாக இருந்தது. 2024 நவம்பரில் இயற்றப்பட்ட பிரெஞ்சுச் சட்டம் அளித்த அதிகாரத்தின்படி, நகரம் இதனை 2025 முதல் 90 நாட்களாகக் குறைத்தது. 2017 டிசம்பர் முதல் விளம்பரங்களில் 13 இலக்கப் பதிவு எண் இடம்பெற வேண்டும். எண் இல்லாத ஏறத்தாழ ஆயிரம் விளம்பரங்களுக்காக 2021 சூலையில் நீதிமன்றம் ஏர்பிஎன்பி மீது 80 இலட்சம் யூரோவுக்கு மேல் தண்டம் விதித்தது.

ஆம்ஸ்டர்டாம்: நாள் வரம்பு 60 ஆக இருந்து, 2019 இல் 30 இரவுகளாகக் குறைக்கப்பட்டது. 2021 முதல் பதிவு எண் கட்டாயமாயிற்று. ஒவ்வொரு தங்கலையும் விருந்தோம்புநர் நகரத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

இலண்டன்: 2015 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 90 இரவுகள் வரை அனுமதி தேவையில்லை. ஆனால் இதனுடன் பதிவு முறை எதுவும் ஏற்படுத்தப்படவில்லை. ஒரே வீடு பல தளங்களில் விளம்பரப்படுத்தப்பட்டால் மொத்த இரவுகளைக் கணக்கிட உள்ளூராட்சிகளுக்கு வழியில்லை. 2017 சனவரி முதல் ஏர்பிஎன்பி தானாகவே தன் தளத்தில் இவ்வரம்பை நடைமுறைப்படுத்தியது.

பார்சலோனா: வரம்புக்குப் பதிலாக உரிம எண்ணிக்கையே கட்டுப்படுத்தப்பட்டது. சுற்றுலா வீடுகளுக்கான 10,101 உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிப்பதில்லை என நகர முதல்வர் ஜவுமே கொல்போனி 2024 சூனில் அறிவித்தார்.

ஜப்பான்: 2018 சூன் 15 முதல் நாடு முழுவதற்குமான சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 180 நாட்கள் வரை அனுமதி உண்டு. பதிவு எண் இல்லாத விளம்பரங்களை ஏர்பிஎன்பி அம்மாதமே நீக்கியபோது, ஏறத்தாழ 80 விழுக்காடு மறைந்தன. நகரங்கள் மேலும் கட்டுப்பாடு விதிக்கலாம். கியோத்தோ நகரம் தன் தனிக் குடியிருப்புப் பகுதிகளில் குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மட்டுமே அனுமதித்தது.

சிங்கப்பூர்: தனியார் வீடுகளில் மூன்று மாதத்துக்குக் குறைவான வாடகை கூடாது. 2018 ஏப்ரலில் இவ்விதியை மீறிய இருவருக்குத் தலா 60,000 சிங்கப்பூர் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில் இயற்றிய ஒழுங்குவிதி, உறுப்பு நாடுகளில் பதிவு எண் முறையையும் தளங்கள் அளிக்கும் தரவையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. அது 2026 மே 20 முதல் பொருந்தும் வகையில் இயற்றப்பட்டது.

விமர்சனங்கள்

உள்ளூர்ச் சட்டம் 18 தன் நோக்கத்தை மிஞ்சிச் செல்கிறது என்பது விமர்சிப்போரின் முதன்மை வாதம். பல வீடுகளைக் கொண்டு வணிகம் நடத்துவோரைத் தடுப்பதே நோக்கமாயின், ஒரே வீட்டை உடையவரும் ஏன் தடுக்கப்படவேண்டும் என அவர்கள் வினவுகின்றனர். புரூக்ளின், குயின்சு போன்ற பகுதிகளில் இரு குடியிருப்புகளைக் கொண்ட சிறிய வீடுகள் மிகுதி. ஒரு பகுதியில் தாம் வாழ்ந்துகொண்டு மறு பகுதியைப் பயணிகளுக்கு விட்டு, அவ்வருவாயில் வீட்டுக் கடனைச் செலுத்தியோர் பலர். மறு பகுதி தனிக் குடியிருப்பாகக் கருதப்படுவதால், உரிமையாளர் அதே கூரையின் கீழ் இருந்தும் உடனிருப்பவராக ஏற்கப்படுவதில்லை. உட்கதவைப் பூட்டக் கூடாது என்ற விதி, அறிமுகமற்றவரை வீட்டில் ஏற்கும் பெண்களுக்கும் குழந்தைகளை உடைய குடும்பத்தாருக்கும் ஏற்றதன்று எனவும் கூறப்படுகிறது.

விடுதிக் கட்டணம் உயர்ந்ததேயன்றி வீட்டு வாடகை குறையவில்லை என ஏர்பிஎன்பி நிறுவனம் வாதிட்டது. ஆதரிப்போர் இதனை மறுக்கின்றனர். நகரின் வீட்டுப் பற்றாக்குறை இலட்சக்கணக்கான வீடுகள் அளவிலானது என்றும், சில ஆயிரம் வீடுகள் திரும்பியதால் சராசரி வாடகை குறையும் என எதிர்பார்ப்பது பொருந்தாது என்றும் அவர்கள் கூறுகின்றனர். அண்டை வீட்டாரின் அமைதியும் தீப்பாதுகாப்பும் வாடகை அளவைக் கொண்டு மதிப்பிடத் தக்கவை அல்ல என்பதும் அவர்கள் கருத்து.

தனியுரிமை பற்றிய கவலையும் உண்டு. தன் வீட்டில் யார் தங்கினர், எவ்வளவு வருவாய் வந்தது என்ற செய்திகள் அரசின் பதிவேட்டில் சேர்வதை விருந்தோம்புநர் சிலர் எதிர்த்தனர். பதிவு முறை ஒருவகையில் இக்கவலையைக் குறைத்தது எனலாம். எல்லோருடைய கணக்குகளையும் கோரிய 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலன்றி, இங்கு விருந்தோம்புநர் தாமே முன்வந்து விண்ணப்பிக்கிறார். அவ்வாறு விண்ணப்பிக்காதவருக்குத் தளத்தின் வழியே வாடகை பெறும் வாய்ப்பு இல்லை.

திருத்த முயற்சிகள்

2024 நவம்பரில், ஒன்று அல்லது இரண்டு குடும்பங்களுக்கான வீடுகளின் உரிமையாளருக்கு விதிகளைத் தளர்த்தும் முன்வரைவு ஒன்று நகர மன்றத்தில் கொண்டுவரப்பட்டது. விருந்தோம்புநர் வீட்டில் இல்லாதபோதும் வாடகைக்கு விடவும், விருந்தினர் எண்ணிக்கையைக் கூட்டவும் அது வழிசெய்தது. சிறு வீட்டு உரிமையாளர்கள் இதனை ஆதரித்தனர். விடுதித் தொழிலாளர் சங்கமும் குடியிருப்போர் அமைப்புகளும் எதிர்த்தன. பதிவும் சரிபார்ப்பும் நீடிக்க வேண்டும் என்பதில் இம்முன்வரைவு மாற்றம் கோரவில்லை. பதிவேட்டில் யாருக்கு இடமளிப்பது என்பதே அதன் விவாதப் பொருளாக இருந்தது.